கொல்கத்தா துறைமுகம்: பெயர் யாருக்கு, பயன் யாருக்கு?

2020 ஜனவரி 12 அன்று கொல்கத்தாவின் நேதாஜி உள்விளையாட்டு அரங்கில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் 150ஆம் ஆண்டு விழா நடைபெற்றது. நூறு வயதை எட்டிய ஓய்வூதியர்கள் இருவரை மேடையில் கௌரவித்த பிரதமர் மோடி, கொல்கத்தா துறைமுகம் இனி சியாமா பிரசாத் முகர்ஜியின் பெயரால் அழைக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. ஓராண்டுகூட நிறைவதற்குள், 2021 பிப்ரவரியில், பெருந்துறைமுகங்கள் அனைத்தையும் வணிக நிறுவனங்களைப்போல் நடத்த வழி செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதியவர்களுக்குப் பொன்னாடை, துறைமுகத்துக்குப் புதிய பெயர், முதலாளிகளுக்குப் புதிய சட்டம்: இந்த மூன்றையும் தனித்தனி நிகழ்வுகளாகக் காண்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

துறைமுகம் நகரத்தை வளர்த்தது என்பது பள்ளிப் பாடநூல் முதல் சுற்றுலாக் கையேடு வரை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 1690இல் ஜாப் சார்னாக் என்னும் கம்பெனி முகவர் ஹூக்ளிக் கரையில் இறங்கினார்; சுதாநுதி, கோவிந்தப்பூர், களிகாதா என்ற மூன்று கிராமங்கள் மாநகரம் ஆயின; அரண்மனைகளும் கல்லூரிகளும் ரயிலும் வந்தன என்று அக்கதை செல்லும். ஆங்கிலேயரின் கொடை என்று முன்பு சொல்லப்பட்டது. இன்று அதே இடத்தில் ஆளுங்கட்சியின் முன்னோடியை நிறுத்துகிறார்கள். இரு கதைகளிலும் ஒரே வெற்றிடம் இருக்கிறது: மூட்டை சுமந்தவனும் கப்பலில் ஏற்றப்பட்டவனும் அவற்றில் இல்லை.

கொள்ளையின் வாயில்

ஹூக்ளித் துறைமுகம் இயல்பாகவே சிறந்த துறைமுகம் அன்று. கடலிலிருந்து 200 கி.மீ.க்கும் மேல் உள்ளே தள்ளி, வளைவுகளும் மணல்திட்டுகளும் நிறைந்த ஆற்றில் அது அமைந்திருக்கிறது. கப்பல்கள் ஓதத்துக்குக் காத்திருந்து, வழிகாட்டும் மாலுமிகளின் துணையோடு ஊர்ந்து வரவேண்டும். அப்படியிருந்தும் கம்பெனி இவ்விடத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பின்னால் விரிந்து கிடந்த கங்கைச் சமவெளியின் செல்வம்.

1757இல் பிளாசியில் வென்ற கம்பெனி, 1765இல் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரிவசூல் உரிமையைப் பெற்றது. அதன்பின் நடந்த வணிகத்தை வணிகம் என்று அழைப்பதே பிழை. வங்க விவசாயியிடம் வரி வசூலித்து, அந்த வரிப்பணத்தைக் கொண்டே வங்க நெசவாளியின் துணியையும் பட்டையும் கம்பெனி வாங்கியது. வாங்கியதை லண்டனில் விற்று லாபத்தை எடுத்துக்கொண்டது. அவனிடம் பறித்த காசில் அவனது பொருளையே வாங்கும் இந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனியார் இட்ட பெயர் ‘முதலீடு’. வரிவசூல் உரிமை கிடைத்த ஐந்தாண்டுகளுக்குள், 1770இல், வங்காளத்தின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பஞ்சத்தில் மாண்டனர் என்று அக்காலக் கம்பெனி அதிகாரிகளே மதிப்பிட்டனர். அந்த ஆண்டுகளிலும் ஹூக்ளியிலிருந்து கப்பல்கள் புறப்படுவது நிற்கவில்லை.

அடுத்து வந்தது அபினி. 1773 முதல் வங்காள அபினி வணிகத்தைக் கம்பெனி தன் ஏகபோகத்தின் கீழ் கொண்டுவந்தது. பாட்னா, பனாரஸ் பகுதிகளில் விவசாயிகள் முன்பணத்தில் சிக்கி, கம்பெனி வைத்த விலைக்கு அபினிப் பாலை அளக்கவேண்டியிருந்தது. பெட்டிகள் கல்கத்தாவுக்கு வந்து பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டன. தனியார் வணிகர்கள் அவற்றைச் சீனக் கரைக்குக் கடத்தினர். சீனாவில் அதற்குக் கிடைத்த வெள்ளி, பிரிட்டன் குடித்த தேயிலைக்கு விலையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் பிரிட்டிஷ் ஆட்சிக்கு நிலவரிக்கு அடுத்த பெரும் வருவாய்களுள் ஒன்றாக அபினி இருந்தது. ‘அரண்மனைகளின் நகரம்’ என்று கல்கத்தாவைப் புகழ்ந்தவர்கள் அந்த அரண்மனைகளின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பொருள்களுக்குப் பின் மனிதர்களே ஏற்றுமதிச் சரக்கானார்கள். அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் குறைந்த கூலியில் கட்டுண்ட உழைப்பு தேவைப்பட்டது. 1834இல் ‘அட்லஸ்’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸ் சென்றது. 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845இல் டிரினிடாடுக்கும், 1873இல் சுரினாமுக்கும், 1879இல் ஃபிஜிக்கும் முதல் கப்பல்கள் இதே ஆற்றிலிருந்து சென்றன. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட கப்பலும் இதே வலையின் இன்னொரு கண்ணி. 1917இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும்வரை இந்தியத் துறைமுகங்கள் வழியாக இம்முறையில் அனுப்பப்பட்டோர் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் கல்கத்தாவின் கூலிக் கிடங்குகளில் அடைத்து வைக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர்.

யாருக்காகக் கட்டப்பட்டது?

1854இல் ஹௌராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. 1855இல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. 1870இல் துறைமுக ஆணையர் அமைப்பு உருவானது. 1892இல் கிதிர்பூர் கப்பல்தளமும், 1929இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னன் பெயரிலான கப்பல்தளமும் திறக்கப்பட்டன. இவை அனைத்தும் வளர்ச்சியின் மைல்கற்களாக எண்ணப்படுகின்றன. ஆனால் எந்தத் திசையில் வளர்ச்சி என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை.

ரயில் பாதை அமைத்த பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு நட்டம் வந்தாலும் 5 விழுக்காடு வருவாய் உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்தது. அதற்கான பணம் இந்திய விவசாயியின் வரியிலிருந்து சென்றது. அஸ்ஸாம் தேயிலை, ஜாரியா நிலக்கரி, கிழக்கு வங்கச் சணல் ஆகிய யாவும் துறைமுகத்தை நோக்கியே பாய்ந்தன. ஒரு ஊரை மற்றோர் ஊரோடு இணைத்து உள்நாட்டுச் சந்தையையும் தொழிலையும் வளர்க்கும் பாதைகளாக அவை திட்டமிடப்படவில்லை. புனல் வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதைப்போல், நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் ஒரே துளை வழியாக வடிக்கப்பட்டது. அத்துளையின் பெயர்தான் கல்கத்தா துறைமுகம்.

நகரத்துக்குள்ளேயும் அதே பிளவு. சௌரங்கியில் ஐரோப்பியர் மாளிகைகள். வடக்கே நெரிசல் மிகுந்த இந்தியர் பகுதி. கிதிர்பூரிலும் மேட்டியாபுரூசிலும் பீகார், ஒரிசா, ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்த சுமைத் தொழிலாளர்கள் ஒரே அறையில் முறை வைத்துப் படுத்துறங்கிய குடிசைப் பகுதிகள். ஆள்பிடிக்கும் சர்தார் கூலியில் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதே தொழிலாளியின் கைக்கு வந்தது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி.

கப்பல் வராத துறைமுகம்

துறைமுகம் யாருக்கானது என்ற கேள்விக்கு 1943 இறுதி விடையைத் தந்தது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கூறி 1942இல் வங்கக் கடலோர மாவட்டங்களில் படகுகளும் உபரி நெல்லும் அரசால் அப்புறப்படுத்தப்பட்டன. படகு இழந்த மீனவரும் குயவரும் நெல் வணிகரும் பிழைப்பிழந்தனர். போர்ச் செலவுக்காக அச்சடிக்கப்பட்ட பணம் அரிசி விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றியது, பதுக்கல்காரர்கள் கொழுத்தனர். போர்த் தொழில்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கல்கத்தாவின் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அரிசி ஒதுக்கப்பட்டது. அதை விளைவித்த கிராமங்கள் காலியாயின.

சுமார் 30 லட்சம் பேர் மடிந்தனர். கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் சோறு கேட்காமல் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தி, கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்து இறந்தனர். கப்பல்தளங்கள் இரவும் பகலும் போர்ச் சரக்கைக் கையாண்டன. இந்தியாவுக்குத் தானியம் கொண்டுவரக் கப்பல் ஒதுக்குமாறு வந்த வேண்டுகோள்களைச் சர்ச்சிலின் போர் அமைச்சரவை மீண்டும் மீண்டும் தட்டிக்கழித்தது. ஆசியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று அங்கிருந்தது. பசித்தவனுக்குச் சோறு கொண்டுவரும் கப்பல் மட்டும் அதற்கு வரவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் பட்டப்பகலில் கிதிர்பூர் கப்பல்தளத்தின்மீது குண்டு வீசியபோது செத்தவர்களும் சுமைத் தொழிலாளர்களே.

இன்று துறைமுகத்துக்குப் பெயர் தந்திருப்பவர் இந்த ஆண்டுகளில் எங்கிருந்தார் என்று கேட்பது நியாயமானதே. 1941 டிசம்பர் முதல் 1942 நவம்பர் வரை, ஃபஸ்லுல் ஹக் தலைமையிலான வங்காள அமைச்சரவையில் இந்து மகாசபையின் சார்பில் அவர் நிதி அமைச்சர். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 1942 ஜூலையில், அவ்வியக்கம் வங்காளத்தில் வேரூன்றாமல் தடுப்பது எவ்வாறு என்று ஆளுநருக்கு அவர் கடிதம் எழுதினார். பின்னர் மிதுனாப்பூர் அடக்குமுறையைக் கண்டித்து அவர் பதவி விலகியதும், பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியில் ஈடுபட்டதும் உண்மை. அவற்றை மறைக்க வேண்டிய தேவை இடதுசாரிகளுக்கு இல்லை. ஆனால் விடுதலைப் போரின் உச்சகட்டத்தில் அரசின் பக்கம் நின்று யோசனை சொன்னவரின் பெயரை, அந்த அரசை எதிர்த்து ரத்தம் சிந்திய துறைமுகத்துக்குச் சூட்டுவதை எந்த வரலாறு ஏற்கும்?

ரத்தம் சிந்தியது வெறும் சொல்லலங்காரம் அன்று. கனடாவில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டுத் திரும்பிய ‘கோமகதா மாரு’ கப்பலின் பயணிகள்மீது, 1914 செப்டம்பர் 29 அன்று இதே ஆற்றங்கரையின் பஜ்பஜ் துறையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சுமார் 20 பேர் மாண்டனர்.

உரிமையின் வரலாறு

இத்துறைமுகத்தால் உழைப்பாளிக்குக் கிடைத்த நன்மை ஏதேனும் உண்டெனில், அது போராடிப் பெற்றது. சில்ஹெட், நவகாளி, சட்டகிராமம் பகுதிகளிலிருந்து வந்த லஸ்கர் மாலுமிகள் பிரிட்டிஷ் கப்பல்களின் எரியடுப்பு அறைகளில் வெந்தனர். அதே வேலைக்கு வெள்ளை மாலுமி பெற்ற ஊதியத்தில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டதும், உயிர்ப்பணயத்துக்கு ஈடான ஊதியம் கேட்டு பிரிட்டிஷ் துறைமுகங்களிலேயே அவர்கள் வேலையை நிறுத்தினர். சிறை சென்றும் பணியாமல் ஊதிய உயர்வு பெற்றனர். கரையிலும் 1934 இறுதியில் துறைமுகத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 பிப்ரவரியில் கடற்படை வீரர்கள் பம்பாயில் கிளர்ந்தபோது கல்கத்தாவின் கடற்படைத் தளமும் உடன் எழுந்தது. ஜூலை 29 அன்று அஞ்சல் ஊழியர்களுக்கு ஆதரவாக நகரமே உறைந்து நின்றது.

இரண்டு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அதே தெருக்களில் மதவெறிக் கொலைகள் தொடங்கின. முஸ்லிம் லீகும் இந்து மகாசபையும் மூட்டிய தீயில் நகரம் பிணக்காடாயிற்று. ஆயினும் 1947இன் தொடக்க மாதங்களில் டிராம் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் மதம் கடந்து ஒன்றுபட்டு நீண்ட வேலைநிறுத்தங்களை நடத்தினர். கொலைகளின் நினைவு ஆறாத நகரில், இந்துவும் முஸ்லிமும் ஒரே கொடியின்கீழ் ஒரே வாயிலை மறித்து நின்ற காட்சியே இத்துறைமுகத்தின் பெருமை. பெயர் சூட்ட வேண்டுமானால் அந்த ஒற்றுமைக்குச் சூட்டியிருக்கலாம்.

இப்போராட்டங்களின் பலனாகவே 1948இல் கப்பல்தளத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த வாரியத்தில் தொழிலாளி பதிவு பெற்றார். கப்பல் வராத நாளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் கிடைத்தது. வருங்கால வைப்பு நிதியும் மருத்துவ வசதியும் வந்தன. ஆள்பிடி சர்தாரின் தயவில் வாழ்ந்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆனார். 2020இல் மேடையேற்றப்பட்ட முதியவர்களின் ஓய்வூதியமும் இத்தகைய போராட்டங்களின் ஈட்டமே. எந்தப் பிரதமரின் பரிசும் அன்று.

பிரிவினையின் விலை

கல்கத்தாவை இந்தியாவுக்குக் காத்துத் தந்தவர் முகர்ஜி என்பது பாஜகவினரின் வாதம். 1947இல் வங்காளத்தைப் பிரிக்கக் கோரி அவர் தீவிரமாக இயங்கினார். பிரிவினைக்குக் காங்கிரசும் லீகும் பிரிட்டிஷாரும் பொறுப்பு. அவர் ஒருவர்மீது அதைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் துறைமுகத்துக்கு அப்பிரிவினை செய்தது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். சணல் வயல்களில் பெரும்பகுதி அப்பால் நின்றது. ஆலைகள் அனைத்தும் இப்பால் நின்றன. கிழக்கு வங்க ஆற்று வழிகள் அறுபட்டன. அஸ்ஸாமுக்கான நேர்ப்பாதை துண்டிக்கப்பட்டது. லட்சக்கணக்கான அகதிகள் நகரை நிறைத்தனர். துறைமுகத்தின் உணவுக்குழாயை வெட்டிய அரசியலின் நாயகருக்கே துறைமுகத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறது மோடி அரசு.

விடுதலைக்குப் பின்னும் கிழக்கு மாநிலங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. 1950கள் முதல் 1990களின் தொடக்கம் வரை நீடித்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, எஃகை நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கச் செய்து, கனிமவளம் மிக்க கிழக்குப் பகுதியின் இயல்பான சாதகத்தைப் பறித்தது. ஆற்றில் வண்டல் நிறைந்தது. 1975இல் ஃபராக்கா அணையும், 1977இல் ஹால்தியா கப்பல்தளமும் இயங்கத் தொடங்கியதால் துறைமுகம் பிழைத்தது. இரண்டும் பொதுத்துறை முதலீடுகள். ஃபராக்கா நீரைப் பற்றிய தகராறு 1996இல் வங்கதேசத்துடன் ஏற்பட்ட 30 ஆண்டு உடன்படிக்கையால் தணிந்தது. அதில் அன்றைய முதல்வர் ஜோதிபாசுவின் பங்கு யாவரும் அறிந்தது. அண்டை நாட்டு மக்களைக் ‘கரையான்கள்’ என்று இழித்துப் பேசும் அரசியலால் ஹூக்ளியில் ஒரு சாண் நீரைக்கூட உயர்த்த முடியாது.

பழைய வாயில், புதிய கம்பெனி

இனி இன்றைய நிலை. 1997இல் நிறைவேறிய சட்டம், கப்பல்தளத் தொழிலாளர் வாரியங்களைக் கலைத்துத் துறைமுகக் கழகங்களோடு இணைக்க வழி செய்தது. அதன்பின் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கரைந்தன; அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குச் செய்கின்றனர். ஒழிக்கப்பட்ட சர்தார், ஒப்பந்ததாரர் என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டார்.

2021ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த அடியை வைத்தது. பெருந்துறைமுகங்களுக்குக் கட்டணம் நிர்ணயித்துவந்த தனி ஆணையத்தின் அதிகாரம் பறிக்கப்பட்டது. அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களில் சலுகை பெறும் நிறுவனம் சந்தை நிலவரத்துக்கு ஏற்பத் தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். துறைமுகம் நிலமும் நீர்முகமும் மட்டும் வைத்திருக்கும் வாடகைக்கு விடுபவராகச் சுருங்கும். லாபம் தரும் வேலை முழுவதும் தனியாருக்குச் செல்லும். ஆற்றைத் தூர்வாரும் செலவு மட்டும் மக்கள் தலையில்.

பயன் யாருக்கு என்பதில் ஐயமில்லை. 2022இல் ஹால்தியாவில் ஒரு கப்பல் நிறுத்துதளத்தை 30 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமை அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2024இல் நேதாஜி சுபாஷ் கப்பல்தளத்தின் சரக்குப் பெட்டக வசதியை ஐந்தாண்டு இயக்கும் ஒப்பந்தமும் அதே குழுமத்துக்கே சென்றது. முகர்ஜியின் பெயர் துறைமுகத்துக்கு, நேதாஜியின் பெயர் கப்பல்தளத்துக்கு, வருவாய் அதானிக்கு. கொல்கத்தாவுடன் போட்டியிடும் ஒடிசாவின் தாம்ரா துறைமுகமும் 2014 முதல் அக்குழுமத்தின் கையில். போட்டித் துறைமுகத்தின் உடைமையாளர், ஹூக்ளித் துறைமுகத்தின் நலனுக்காக இரவு விழித்திருப்பார் என்று நம்புவதற்குத் தனி அறிவு வேண்டும்.

மாநிலத்தை ஆண்ட திரிணாமுல் காங்கிரசும் இதில் வேறுபட்டு நிற்கவில்லை. 2022 அக்டோபரில் தாஜ்பூர் ஆழ்கடல் துறைமுகத்துக்கான விருப்பக் கடிதத்தை அதானி குழுமத்திடம் முதல்வர் மம்தா பானர்ஜியே கையளித்தார். ஓராண்டு கழித்து, ஒப்பந்தப்புள்ளியில் யாரும் பங்கேற்கலாம் என்று முதலீட்டாளர் மாநாட்டில் அறிவித்தார். பெயர் மாற்றத்தை எதிர்த்து முழங்குவோர், உடைமை மாற்றத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

தனியார் வந்தால் துறைமுகம் செழிக்கும், நகரம் வளரும் என்ற வாதத்துக்கு 250 ஆண்டு அனுபவமே பதில். சரக்கின் அளவு கூடியதால் மட்டும் நகரத்து மக்கள் வாழ்ந்துவிடவில்லை. சணலும் அபினியும் தேயிலையும் வரலாறு காணாத அளவில் ஏற்றுமதியான காலம்தான் வங்காளம் எலும்பாய்த் தேய்ந்த காலமும். துறைமுகம் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது, அதன் உபரி எங்கே செல்கிறது, அங்கு உழைப்பவனுக்கு என்ன உரிமை உண்டு என்ற மூன்று கேள்விகளே வளர்ச்சியின் அளவுகோல்.

தூத்துக்குடி துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவர். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர். அதற்காகச் சிறையில் செக்கிழுத்தவர். அத்துறைமுகத்துக்கு அப்பெயர் பொருந்துகிறது. ஆனால் அதே 2021ஆம் ஆண்டுச் சட்டம் தூத்துக்குடியையும் சென்னையையும் ஆள்கிறது. கொல்கத்தாவில் பொருந்தாத பெயர், தூத்துக்குடியில் பொருந்திய பெயர். இரு பலகைகளுக்குப் பின்னாலும் நடப்பது ஒரே விற்பனை.

ஆகவே கொல்கத்தாத் துறைமுகப் போராட்டம் வங்கத் தோழர்களுடையது மட்டும் அன்று. நிரந்தர வேலைக்கு நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம ஊதியம், துறைமுக நிலம் வணிகச் சூதாட்டத்துக்கு இல்லை, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திரும்பப் பெறு ஆகிய கோரிக்கைகள் கிதிர்பூர் வாயிலிலும் தூத்துக்குடி வாயிலிலும் ஒரே குரலில் ஒலிக்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜின் பெயர் கப்பல்தளத்திலிருந்து அகற்றப்பட்டது, அவனது ஆட்சி அகற்றப்பட்ட பிறகுதான். பெயர்ப்பலகைகள் இனியும் மாறும். அவற்றை மாற்றும் வலிமை, சுமை தூக்கும் தோள்கள் ஒன்றுசேரும்போது மட்டுமே பிறக்கும்.